சுடுதண்ணீர் மரியாதை

நம் விடுதிக்கு வருகிறவர்கள் காலையில் கல்தளத்தில் வந்து உட்கார்ந்ததும், நீங்கள் பித்தளைத் தாம்பாளத்தை அவர்கள் காலடியில் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றுகிறீர்கள். மேசைமேல் ஒரு அட்டை நிற்கிறது. ‘கல்வராயன் மலையின் தொன்மையான வரவேற்பு’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. போன வாரம் நான் வந்தபோது உங்களில் ஒருவர் ஒரு விருந்தாளியிடம் இது ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல குரல். தண்ணீரும் பதமான சூடு. ஆனால் அது தொன்மையும் இல்லை, பழக்கமும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு தை மாதக் காலையில், முக்கால் மணி நேரத்துக்குள், பயத்தில் கண்டுபிடித்தேன்.

நான் ஓய்வு பெற்றதும் முதலாளி கூப்பிட்டு, “பாய், புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்றார். எனக்கு உபதேசம் எழுத வராது. செய்த தப்பை எழுதச் சொன்னால் எழுதுவேன், கையிருப்பு நிறைய இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு உங்களுக்கு உதவலாம்.

முதலில் என்னைப் பற்றி. கள்ளக்குறிச்சியில் எங்கள் குடும்பத்துக்கு மின்சாதனக் கடை. அதில் நான் இருபது வருஷம் ஃபேன் விற்றேன். டேபிள் ஃபேன், சீலிங் ஃபேன், ஆளுயர ஸ்டேண்ட் ஃபேன் எல்லாம்தான். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஃபேன் வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதனையும் அந்த இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தது. நான் மலை ஏறி, இந்த விடுதியில் கல்தளத்துக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். திறந்த வெளியில் உட்காருகிறவர்களுக்குக் குளிராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஃபேன் விற்றவனிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

கல்தளத்துக்குக் கூரை கிடையாது, சுவர் கிடையாது. ஒரு பக்கம் விடுதி, மூன்று பக்கம் பள்ளத்தாக்கு. மார்கழி, தையில் மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்து மேசைகளுக்கு நடுவில் நிற்கும். வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் குளிர் வேண்டும், ஆனால் குளிரக்கூடாது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

முதல் குளிர்காலத்தில் முதலாளி நான்கு கேஸ் அடுப்பு வாங்கி வந்தார். குடை மாதிரி உயரமாக நிற்கும், உச்சியில் சிவப்பாக எரியும். நாங்கள் அதற்குக் குடை அடுப்பு என்று பேர் வைத்தோம். அதைப் பற்றவைத்த முதல் காலையிலேயே, கல்தளத்தில் இருந்த நான்கு குடும்பமும் மேசையை விட்டுவிட்டு ஒரே அடுப்புக்குக் கீழே தட்டும் கையுமாக வந்து நின்றது. தலையில் முடி இல்லாத ஒருவர் தலை வேகுது என்று புகார் சொன்னார். அவர் மனைவி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு கால் விறைக்குது என்றார். நான் அடுப்பைக் கூட்டினேன். அவருக்குத் தலை இன்னும் வெந்தது, அந்த அம்மாவுக்குக் கால் இன்னும் விறைத்தது.

அப்போது நம் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி வாசலில் நின்று சிரித்தார். மலைக்காரர். பேரைப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. எங்களைவிட வயதில் சின்னவர், விஷயத்தில் பெரியவர். “கல்லு வழியா காலுல ஏறுது குளிரு. நீங்க தலைக்கு அடுப்பு வச்சிக்கினு இருக்கீங்க” என்றார். மறுநாள் ஒவ்வொரு மேசைக்குக் கீழேயும் கோணிச் சாக்கை மடித்துப் போட்டோம். புகார் நின்றது. குடை அடுப்பு போட்டோ எடுக்க மட்டும் பயன்பட்டது.

இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது அந்தத் தை மாதக் காலை.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு பயிரிடுகிறவர் ஏழுமலை. ஒரே மகள், நித்யா. அவளுக்கு நிச்சயதார்த்தம் செய்ய நம் கல்தளத்தைக் கேட்டு வந்தார். மாப்பிள்ளை வீடு கள்ளக்குறிச்சி டவுனில். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. பின்னால் பனி தெரிய, திறந்த வெளியில்தான் நிச்சயம் நடக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. ஏழுமலைக்குக் கொடுத்த டீ விளிம்பு வரைக்கும் இருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்துக் குடித்தார். அதை நான் கவனித்தேன், ஏனென்று தெரியாமலே கவனித்தேன்.

“ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சிங்க பாய். இந்த எடம் அவளுக்கே புடிச்சிப் போச்சி. மாப்பிள்ள வூட்ல ஒரு சின்ன மனக்கொற வரக்கூடாதுங்க. அத மட்டும் பாத்துக்குங்க” என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த சாமியானா கடைக்குப் போன் போட்டு, “அறுவது பேருக்கு நிச்சயதார்த்த செட் ஒண்ணு மலைக்கு அனுப்புப்பா” என்றேன். என் தப்பு இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘செட்’ என்ற ஒரு சொல்லில். நாற்காலி, மேசை, மேடைக்கு ஜமுக்காளம் என்று நான் நினைத்துச் சொன்னேன். எங்கள் ஊரில் செட் என்றால் அதோடு முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அந்தச் செட்டுக்கு ஃபேன் கொடுத்தவனே ஒரு காலத்தில் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஏழரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். அதற்குள் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றிவிட வேண்டும். விடிந்தபோது பனி ஆளை மறைத்தது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு கம்பளிச் சால்வை மடித்துப் போட்டிருந்தேன். நான்கு குடை அடுப்பையும் ஏற்றி வைத்திருந்தேன். தலைக்கும் தோளுக்கும் ஏற்பாடு செய்தேன், கோணிச் சாக்கை மட்டும் போடவில்லை. பட்டுப் புடவைக்காரர்கள் காலடியில் கோணியா என்று கூச்சம். இவ்வளவுக்கும் சமையற்கட்டுப் பெண்மணி முந்தின நாளே கேட்டார், “சாக்கு வேணாமா?” என்று.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள் எல்லாரும் புதுப் பட்டு. பட்டைக் கட்டிக்கொண்டு அதன்மேல் யாராவது கம்பளி போர்த்துவார்களா? சால்வைகளை நாற்காலியிலிருந்து எடுத்து, கசங்காமல் மடித்து, நாற்காலிக்குக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். அவர் தன் சால்வையை நான்காக மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பா. இந்த மாதிரி விசேஷங்களில் எல்லா முறையும் தெரிந்த ஒருவர் வருவாரே, அவர்தான். வந்ததும் அண்ணாந்து குடை அடுப்பைப் பார்த்தார்.

“இன்னா பாய் இது? நல்ல காரியத்துல தலைக்கு மேல கொள்ளியா?”

“அடுப்புங்க. சூட்டுக்கு.”

“அடுப்பு கீழ எரியணும். மேல எரிஞ்சா அது அடுப்பு இல்ல. அணைங்க.”

நான்கையும் அணைத்தேன். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இருபது வருஷம் கேட்ட சத்தம், திரும்பிப் பார்க்காமலே என்ன மாடல் என்று சொல்லிவிடுவேன். சாமியானா கடையின் லைட்மேன், தண்ணீர் தெளிக்கிற பெரிய ஃபேன் இரண்டைக் கொண்டுவந்து முன்வரிசைக்கு நேராக வைத்து, முழு வேகத்தில் போட்டுவிட்டான்.

நான் ஓடினேன். “யோவ், இந்தக் குளிர்ல ஃபேனா?”

“மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்கு ஃபேன் போடலன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சின்னா எங்க கடை பேரு இன்னாத்துக்கு ஆவும் பாய்? செட்டுல கீது, போட்டுட்டேன்.”

அணைக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் முன்வரிசை மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், எங்களுக்கு ஃபேன் சரியாகப் போடவில்லை என்று சம்பந்திகள் பந்தியிலிருந்து எழுந்து போனதை. போட்ட ஃபேனை அவர்கள் கண்ணெதிரே அணைப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. பெண் வீட்டார் அணைக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டாரும் அணைக்கச் சொல்ல முடியாது. கொடுத்த மரியாதையை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? தவிர, இந்த இடத்தைக் கேட்டதே அவர்கள் வீட்டுப் பிள்ளை. ஆகவே, கல்வராயன் மலையில், தை மாதத்தில், பனிக்கு நடுவில், முப்பது பேர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற ஃபேன் காற்றை வாங்கிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் குளிருது என்ற சொல் வரவில்லை.

ஏழுமலை மட்டும் உட்காரவில்லை. பெண்ணைப் பெற்றவர், முன்வரிசைக்கு எதிரே நின்றபடி ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபேனின் காற்று நேரே அவர் முதுகில் அடித்தது. புதுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நித்யா அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “பாய், அப்பாவுக்கு ஒரு சால்வையாவது குடுங்களேன்.” கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“சம்பந்தி வூட்டுக்காரங்க சும்மா ஒக்காந்துகினு இருக்காங்க. நான் போத்திக்கினு நின்னா நல்லாவாங்க இருக்கும்?”

சொல்லும்போதே கை நடுங்கியது. சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார், கிண்ணம் ஆடிச் சந்தனம் சரோஜாவின் மடியில் ஒரு துளி விழுந்தது. சரோஜா சந்தனத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, கை கழுவுகிற மாதிரி சமையற்கட்டுப் பக்கம் வந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“பாய், நீங்க நம்ம ஊருக்காரரு. மறைக்காம சொல்லுங்க. பொண்ணோட அப்பா குடிப்பாரா?”

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கை நடுங்கினால் பார்க்கிறவர் மனம் முதலில் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“குளிருங்கம்மா அது” என்றேன்.

“எனக்குக் குளிரலியே” என்றார். இரண்டு கையிலும் முடி சிலிர்த்து நின்றது. தாடை ஆடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “என் கூடப் பொறந்தவன குடியில பறிகுடுத்தவ நான். காலைல எழுந்ததும் அவன் கை இப்படித்தான் ஆடும். அப்படி ஒரு வூட்டுல என் புள்ளய குடுக்க மாட்டேன். தட்டு மாத்தறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். இல்லன்னா எழுந்து போய்க்கினே இருப்பேன்.”

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரு பெண்ணின் மூன்றாவது சம்பந்தம், ஒரு தகப்பனின் பேர், இரண்டும் என்னுடைய ‘செட்’ என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஏழுமலை குடிக்க மாட்டார் என்று அங்கேயே சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. ஒரு டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வியாபாரம் செய்யலாம், ஒரு குடும்பத்தைக் கட்டிவைக்க முடியாது. அந்தக் கையே தன்னைப் பற்றிச் சொன்னால் ஒழிய வேறு யார் சொன்னாலும் அந்த அம்மா நம்பப்போவதில்லை. அதற்கு முதலில் ஃபேன் நிற்க வேண்டும்.

எனக்குத் தோன்றிய முதல் யோசனை எனக்கே பிடித்திருந்தது. கரண்ட் போனால் யார் மேல் குற்றம்? யார் மேலும் இல்லை. பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபேன்கள் மெதுவாக நின்றன. கல்தளமே ஒரு மூச்சு விட்டது. இரண்டாவது மூச்சு விடுவதற்குள் வேனுக்குப் பின்னாலிருந்து ஜெனரேட்டர் உறுமியது. அதுவும் செட்டில் இருந்தது. ஃபேன்கள் முன்னைவிட வேகமாகச் சுற்றின. லைட்மேன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பெரியப்பா, “ஏற்பாடு பலம்” என்று பாராட்டினார். எனக்கு அழுகை வந்தது.

சமையற்கட்டுக்கு ஓடினேன். அந்தப் பெண்மணி பொங்கலுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கால சூடு பண்ணுங்க. கால் சூடானா கை தானா நிக்கும்” என்றார். அவ்வளவுதான். மறுபடியும் நெய்யைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கே ஒரு பெரிய அண்டாவில் பாத்திரம் கழுவ வைத்த தண்ணீர் இருந்தது. அதை அடுப்பில் ஏற்றச் சொன்னேன். காலுக்குச் சுடுதண்ணீர். சரி, ஆனால் எந்தக் காரணம் சொல்லி ஊற்றுவது? குளிருக்கு என்று சொன்னால் குளிர் இருப்பதாக ஆகிவிடும். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஃபேன் ஒரு மரியாதை. அதைக் குறைக்க முடியாது. அதைவிடப் பெரிய மரியாதை ஒன்றைக் கொண்டுவந்தால் இது தானாக ஒதுங்கும்.

ஆனால் ஒரு அண்டா தண்ணீர் சூடாக நேரம் வேண்டுமே. அதைக் கொடுத்தவர் பெரியப்பா. லக்னப் பத்திரிகையை ஐயர் வாசிக்க வேண்டாம், நான்தான் வாசிப்பேன் என்று வாங்கிக்கொண்டார். ஃபேனுக்கு நேராக நின்று ஆரம்பித்தார். தாடை ஆடியது. “மணலூ… மணலூ… மணலூர்…” என்று ஊர்ப் பேரைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. இறந்துபோன தாத்தாவின் பேர் வந்தபோது பல் தந்தியடித்தது. அவர் துக்கத்தில் விம்முகிறார் என்று பெண் வீட்டு அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவர் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அந்தத் தாத்தாவை நேரில் பார்த்தே இராதவர்கள் உட்பட. வாசித்தது சரியாக விளங்கவில்லை என்று யாரோ சொல்ல, பெரியப்பா மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அவர் நின்ற பக்கம் திரும்பி மனசுக்குள் கும்பிட்டேன்.

வாசித்து முடித்ததும் நான் முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் பொய் சொன்னதில்லை.

“தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒரு முறை இருக்குதுங்க. மலையில மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்குச் சுடுதண்ணியில கால் கழுவி விட்டுத்தான் தட்டு மாத்துவாங்க. மலைக்கு வந்தவங்களுக்கு மலையோட மரியாதைங்க.”

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். முறை என்ற சொல் வந்தால் அவரைத்தானே பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாத ஒரு முறை உலகத்தில் இருப்பதை அவர் ஒத்துக்கொள்வாரா என்ன?

“ஆமா ஆமா, இது எனக்குத் தெரியும். இப்பத்தான் வுட்டுட்டாங்க. எங்க தாத்தா காலத்துல ஜாஸ்தி செய்வாங்க. கொண்டாங்க” என்றார்.

தாம்பாளங்களும் சொம்புகளும் ஆவி பறக்க வந்தன. ஒரு சொம்பு தண்ணீரை நானே தரையில் தாராளமாகக் கொட்டினேன். லைட்மேன் அலறிக்கொண்டு ஓடிவந்து இரண்டு ஃபேனையும் பிடுங்கினான். “தண்ணியும் கரண்டும் ஒத்துக்காது பாய், யாராவது செத்துகித்து வெச்சிடப் போறாங்க” என்று ஃபேன்களைத் தூக்கிக்கொண்டு போனான். ஒருவரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் ஊற்ற நம் ஆட்களைத்தான் நிறுத்தியிருந்தேன். விடுதியின் உபசாரமாகவே அது நடக்கட்டும், பெண்ணைப் பெற்றவர் குனிய வேண்டாம் என்று நினைத்தேன். ஏழுமலை கேட்கவில்லை. சொம்பை வாங்கிக்கொண்டு பெரியப்பாவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். சுடுதண்ணீரில் கை பட்டதும் அவர் முகம் மாறியது. ஒரு காலைக் கழுவினார். அதையே மறுபடி கழுவினார். மூன்றாவது தடவையும் கழுவினார். இன்னொரு கால் காத்துக்கொண்டிருப்பது அவருக்கு நினைவில்லை. பெரியப்பாவும் நினைவுபடுத்தவில்லை, கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருந்தார்.

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா ஏழுமலையின் கையைப் பார்த்தார். தண்ணீருக்குப் பிறகும் அந்தக் கை நடுங்கினால், அதை அறுபது பேருக்கு நடுவில் மேடை போட்டுக் காட்டியவன் நானாகிவிடுவேன். நித்யா ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஏழுமலை அடுத்து சரோஜாவின் முன்னால் வந்தார். சொம்பு நிறையத் தண்ணீர். தூக்கினார். விளிம்பு வரை நின்ற தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. நூல் பிடித்த மாதிரி கால்மேல் இறங்கியது.

சரோஜா மெல்லக் கேட்டார். “சம்பந்தி, இவ்ளோ நேரம் உங்களுக்குக் குளிரிச்சா?”

“இல்லீங்க. நல்லா இருந்திச்சிங்க” என்றார் ஏழுமலை.

சரோஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சால்வையை எடுத்து, உதறி, அந்தப் புதுப் பட்டின்மேல் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். அடுத்த நிமிஷம் எல்லா நாற்காலிக்குக் கீழேயும் கை போனது. பட்டு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. போட்டோக்காரர் நொந்துபோனார். எட்டரைக்குள் தட்டு மாற்றினார்கள். ஏழுமலை தட்டை நீட்டினார், தேங்காய் அசையவில்லை. நான் சமையற்கட்டுக்குள் போய் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்தப் பெண்மணி, “எங்க மலையில இப்படி ஒரு மொறை இருக்குதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்” என்று சொல்லி ஒரு கரண்டி பொங்கல் வைத்தார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் செட் என்று சொல்லாதீர்கள், ஒவ்வொரு பொருளாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். கோணிச் சாக்குக்குக் கூச்சப்படாதீர்கள். எல்லாவற்றையும்விட, கல்தளத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் குளிருதுங்களா என்று கேட்டு அவர் சொல்கிற பதிலை நம்பாதீர்கள். நம் ஊர் ஆட்கள் விறைத்துச் சாகும்போதும் நல்லா இருக்குது என்றுதான் சொல்வார்கள். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், சால்வை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கல்யாணம் வைகாசியில், கள்ளக்குறிச்சி மண்டபத்தில். எனக்கும் பத்திரிகை வந்தது. ஏசி இல்லாத மண்டபம், பகல் பதினொரு மணி, தகரக் கூரை. உள்ளே நுழைந்ததுமே என் சட்டை நனைந்துவிட்டது. முன்வரிசையைப் பார்த்து அப்படியே நின்றேன். வரிசையாகப் பித்தளைத் தாம்பாளம். பக்கத்தில் ஆவி பறக்கிற அண்டா. ஃபேன்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீரும் கரண்டும் ஒத்துக்காது அல்லவா?

“நிச்சயத்துல குடுத்த மரியாதய கல்யாணத்துல கம்மி பண்ணலாமா பாய்?” என்றார் பெரியப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

அந்த வெயிலில், மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் சுடுதண்ணீருக்காகக் காலை நீட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் வேர்க்குது என்ற சொல் வரவில்லை. ஏழுமலை தலையிலிருந்து தண்ணீராக ஒழுகியபடி சொம்போடு சரோஜாவின் எதிரே உட்கார்ந்தார். ஊற்றினார்.

சரோஜா காலை இழுத்துக்கொண்டார்.

“சம்பந்தி, சுடுது” என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

“எனக்கும் சுடுதுங்க” என்றார்.